ரகசிய அறைக் கதவை அடைத்த காதை

வாழ்க கோந்து! முகத்தை முகம் பாராத நால்வகைச் சேனையையும் ஒரே மேசைக்கு இழுத்து வரவென்றே பிறந்த பெருந்தகையாள், கோப்புக் கானகத்தில் குறிப்பெழுதிக் குறிப்பெழுதி விரல் தழும்பேறிய வீரக்கோமகள், கெஞ்சலை வில்லாகவும் நினைவூட்டலை அம்பாகவும் ஏந்திய ஒருங்கிணைப்பு அதிகாரி, அவள் பல்லாண்டு வாழ்க! பெற்றோர் இட்ட பெயர் வேறு. பிரிந்து கிடக்கும் துறைகளை ஒட்டவைப்பதே பிழைப்பு என்பதால் அலுவலகம் முழுவதும் அவளைக் கோந்து மேடம் என்றே அழைத்தது. அது அவளுக்கும் தெரியும்.

அவள் பொருத போர் எதன் பொருட்டு எனில், கேண்மின். அலைகடல் பல கடந்து, மூன்று நாட்டுக் காவலர் கண்ணிலும் மண்ணைத் தூவி, தன் வயிற்றுக்குள் சலவை இயந்திரங்களையும் அவ்வியந்திரங்களின் வயிற்றுக்குள் வெண்ணிறப் போதை நஞ்சையும் மறைத்துக்கொண்டு, வஞ்சகக் கப்பலொன்று அன்று மாலை துறைமுகம் புக இருந்தது. எந்தக் கப்பல் என்பதை உளவுத்துறை அறியும். அதில் எந்தக் கன்டெய்னர் என்பதைச் சுங்கத்துறை அறியும். எந்த வழியாக வரும் என்பதைக் கடலோரக் காவற்படை அறியும். சரக்கை ஏற்றிப்போக எந்த லாரி காத்திருக்கும் என்பதைக் காவல்துறை அறியும். தாம் அறிந்ததைப் பிறர் அறியாவண்ணம் காப்பதில் நால்வரும் சமவல்லமை படைத்தவர்கள். இப்படித்தான் முன்பு இரண்டு கப்பல்கள் வந்து, சரக்கை இறக்கி, டாட்டா காட்டிவிட்டுப் போயின. அந்தப் பொடி இப்போது அவளுடைய தங்கை மகன் படிக்கும் கல்லூரி வாசல்வரை வந்துவிட்டது. மூன்றாவது கப்பலும் தப்பினால் உன் அலுவலகத்தையே மூடிவிடுவோம் என்று மேலிடம் வேறு சொல்லியிருந்தது.

ஆதலின் மந்திராலோசனை மண்டபத்தில் அவை கூட்டினாள். மண்டபமாவது, மூன்றாம் மாடியில் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறைக்கும் கழிவறைக்கும் இடைப்பட்ட ஓர் அறை. உள்ளே ஒரு நீள்மேசை, ஒரு சிவப்புத் தொலைபேசி. கைபேசிகளை வெளியே கூடையில் துறந்து நால்வரும் வீற்றிருந்தனர். கதவு மூடாமல் ரகசியம் பேசலாகாது என்பது அவ்வவையின் மீறலாகா நெறி. அவள் கதவைச் சாத்தித் திரும்பினாள். உளவு அதிகாரி நாற்புறமும் நோக்கி, தொண்டையைச் செருமி, "அந்தக் கப்பலோட பேரு..." என்று தொடங்கினார்.

கிறீச்.

ஆ, கதவே! தாழுக்கு அடங்காத் தறுகணாளா! கீல் தளர்ந்தும் ஆணவம் தளராத நெடுமரத்தோனே! தள்ளும் கரமின்றித் தானே உள்நோக்கித் திறந்து, ஒரு நாட்டின் ரகசியத்தையெல்லாம் நடைகூடத்துக்கு வாரி வழங்கத் துணிந்த வள்ளலே! திறந்த இடைவெளியில் குப்பைக்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஊழியர் எட்டிப்பார்த்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். உளவு அதிகாரியின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது.

வெகுண்டெழுந்தார் காவல்துறை அதிகாரி. "தள்ளுங்க, கதவெல்லாம் எங்க வேலை" என்று முழங்கி, எதிரியின் மார்பில் தோள்கொடுத்து மோதினார். எத்தனை எத்தனை கதவுகளைக் கண்ட தோள்! ஆனால் அவை யாவும் உடைத்துத் திறந்த கதவுகள், மூடிப் பழக்கமில்லை. அவர் வெற்றிப் பெருமிதத்துடன் வந்து உட்கார்வதற்குள் கதவு மறுபடியும் திறந்திருந்தது.

அடுத்துக் களம் புகுந்தார் சுங்க அதிகாரி. பையிலிருந்து முத்திரை பொறித்த ஒட்டுநாடாவை உருவி, கதவுக்கும் நிலைக்குமாகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, கையெழுத்தும் இட்டு, "சீல் வெச்சாச்சு. இனிமே கோர்ட்டு உத்தரவு இல்லாம தொறக்காது" என்று பிரகடனம் செய்தார். சட்டம் படியாத கதவு நாடாவைத் தோரணமாகத் தொங்கவிட்டுக்கொண்டு திறந்தது.

மூன்றாமவர் கடற்காவல் தளபதி. திரைச்சீலைக் கயிற்றை உருவிக் கதவின் கைப்பிடியில் ஒரு முனையும் கதவு நிலையின் கொக்கியில் மறுமுனையும் பிணித்து, "இந்த முடிச்சு புயல்லயே அவுந்ததில்ல" என்று நெஞ்சு நிமிர்த்தி, இறுக்கிப் பார்க்க ஓர் இழுப்பு இழுத்தார். சொன்ன சொல் தவறவில்லை. முடிச்சு அவிழவே இல்லை. கைப்பிடிதான் திருகாணிகளோடு கதவை விட்டு வந்துவிட்டது.

சேனை சோர்ந்தது. மணித்துளிகள் கரைந்தன. கப்பலோ வந்துகொண்டிருந்தது. அதுவரை அசையாது அமர்ந்திருந்த உளவு அதிகாரி அப்போதுதான் மெல்ல வாய் மலர்ந்தார்.

"இந்தக் கதவு நிக்காதுன்னு எங்களுக்கு ரெண்டு வருஷமாவே தெரியும்."



"அப்புறம் ஏன் சார் சொல்லல?" என்றாள் கோந்து.

"யாரும் கேக்கலையே, மேடம்."

அந்த ஒரு சொல்லில் அவளுக்குத் தப்பிய இரண்டு கப்பல்களும் கண்முன் வந்தன. கல்லூரி வாசல் வந்தது. இத்தனை ஆண்டுகளாக அவள் கெஞ்சிய கெஞ்சலெல்லாம் வந்தது. சினம் தலைக்கேற, மேசையை ஓங்கி அறைந்து எழுந்தாள்.

"எந்திரிங்க! நாலு பேரும் வந்து கதவுல முதுக வைங்க. தோளோட தோள் ஒட்டணும். தெரிஞ்சத அப்படியே நின்னு சொல்லுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது!"

கோட்டை வாயில் காக்கும் மறவர்போல் நான்கு முதுகுகள் கதவில் சாய்ந்தன. கதவு முனகியது, நிலைக்குள் இறுகியது, நின்றது. அந்த நிலையில் ஒரு வசதியும் இருந்தது. ஒருவர் விலகினாலும் கதவு திறந்துவிடும் என்பதால், வழக்கம்போல் பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்துபோக எவருக்கும் வழியில்லை. உளவு அதிகாரி கப்பலின் பெயரைச் சொன்னார். சுங்கம் கன்டெய்னர் எண்ணைச் சொன்னது. கடலோரக் காவற்படை கப்பல் வரும் வழியைச் சொன்னது. "அட, அந்த கன்டெய்னருக்குத்தான் லாரி வருதா? இது தெரியாம மண்டைய உடைச்சிக்கிட்டு இருந்தோமே!" என்றது காவல்துறை. கோந்து சிவப்புத் தொலைபேசியில் ஆணைகளைப் பொழிந்தாள். வியர்வை வழிந்தும், ஒருவர் மூச்சு மற்றவர் காதில் அனலாய் வீசியும், மாலைவரை நால்வரும் நின்ற இடம் பெயரவில்லை.

தொலைபேசி ஒலித்தது. கப்பலை வளைத்தாயிற்று, சலவை இயந்திரங்களைத் திறந்து பார்த்தாயிற்று, லாரியையும் ஓட்டுநரையும் பிடித்தாயிற்று! எழுந்தது வெற்றிப் பேராரவாரம். பகை மறந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டனர் நால்வரும். கோந்தோ நாற்காலியில் சரிந்து, சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுகணமே நால்வர் நெஞ்சிலும் ஒரே எண்ணம் மின்னலென வெட்டியது: தம் துறைதான் இதைச் சாதித்தது என்று தம் மேலதிகாரிக்கு முதலில் சொல்ல வேண்டும், சிவப்புத் தொலைபேசியில் பிறர் காதுபடச் சொல்ல முடியாது, கைபேசிகளோ வெளியே கூடையில்! வாகை சூடிய வேங்கைகள் நான்கும், முழங்கை முழங்கையை இடிக்க, தோள் தோளைத் தள்ள, "நான் முதல்ல! நான் முதல்ல!" என்று திசை அதிர முழங்கி, கதவை நோக்கிப் பாய்ந்தன.

மாலைவரை நான்கு முதுகுகள் அழுத்தியதில் நிலைக்குள் இறுகிப்போன கதவு, இம்முறை தானாகத் திறக்கவில்லை. அதில் பிடித்து இழுக்கக் கைப்பிடி இல்லை.