பூஜ்யத்துக்கு நான் பட்ட பாடு

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கடல் இருக்கிறது. சோபாவுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில், கண்ணாடித் தொட்டிக்குள். பாறைகள், பவளங்கள், இரண்டு ஆரஞ்சு மீன்கள், யாரையும் மதிக்காத ஒரு இறால். இந்தக் கடலுக்கு ராஜா நான்தான். வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே பதவி அது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் ராஜ்யத்தில் பஞ்சம் வந்தது.

ஊதா நிறத்தில் ஜொலித்துக்கொண்டிருந்த பவளம், பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்ட சட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தது. பதறிப்போய்த் தண்ணீரைச் சோதித்தேன். நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட் பூஜ்யம். கழிவே இல்லை. இவ்வளவு சுத்தமான தண்ணீர் நான் குடித்ததுகூட இல்லை. பெருமையோடு மீன்கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"அதான் சார் வியாதி" என்றார் அவர்.

"சுத்தமா இருக்கறது வியாதியா?"

"பவளம் என்னத்தச் சாப்பிடும்? மீன் போடற கழிவுல இருக்கற சத்துதான் அதுக்குச் சோறு. நீங்க வடிகட்டி வடிகட்டி, சட்டியையே கழுவிக் கவுத்துட்டீங்க. இனிமே நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டையும் வெளியேர்ந்து ஊத்தணும். சொட்டுச் சொட்டா. கூடிச்சுன்னா பாசி படர்ந்து, தொட்டிக்குள்ள மாடு மேய்க்கலாம்."

இத்தனை காலம் அழுக்கை எடுக்க உழைத்தவன், அன்று மத்தியானம் அழுக்கை பாட்டிலில் வாங்கிக்கொண்டு வந்தேன். நைட்ரேட் ஒரு பாட்டில், பாஸ்பேட் ஒரு பாட்டில். இரண்டும் பார்வைக்கு வெறும் தண்ணீர் மாதிரியே இருந்தன. சொட்டு விடும் குழாயைக் கையில் பிடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் வீட்டிலிருந்தபடி மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் கையேடு எழுதுகிறவன். 'முதலில் சுவிட்சை அணைக்கவும்' என்பதுதான் நான் இதுவரை எழுதியதிலேயே விறுவிறுப்பான வாக்கியம். அப்படிப்பட்டவன் கையில் ஒரு கடலின் உயிர்.

சாயங்காலம் மனைவி வந்தாள். அவள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிக்கிறவள். ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரை அவளுக்குத் தெரியும். என் தொட்டியை மட்டும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

"ஏங்க, சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறோம். ஒரு வாரம்."

குழாயை அப்படியே கீழே வைத்தேன். காரணம் அக்கா இல்லை. அவர் தங்கமானவர். காரணம் அக்கா வீட்டுக்காரர், என் சகலை. காலமெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார், சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. நான் சோறு பிசைந்தால், "மெதுவா, மெதுவா, இப்ப லேசா திருப்பு" என்பார். மாடிப்படி இறங்கினால், "கியரைக் குறை" என்பார். போன தடவை நான் தூங்கியதில் என்ன தப்பு என்று காலையில் விளக்கினார்.

"எப்படிம்மா வர முடியும்? பவளம் பட்டினி கிடக்கு. தினம் சொட்டு விடணும், தினம் அளக்கணும். ஒரு சொட்டு கூடினா பாசி, குறைஞ்சா பாடை."

அவள் தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி. வெள்ளிக்கிழமைக்குள்ள அளவு சரியாயிட்டா வாங்க. சரியாகலன்னா நீங்க இங்கயே இருங்க. நியாயம்தானே?"

"ரொம்ப நியாயம்."

என் மூளையில் மின்னல் வெட்டியது அப்போதுதான். பவளம் பிழைக்க வேண்டும். ஆனால் அவளுக்குத் தெரியும்படி பிழைக்கக் கூடாது.

பவளம் பிழைத்தது. மறுநாளே வெளுத்த நுனியில் ஊதா எட்டிப் பார்த்தது. சோதித்தேன். பாஸ்பேட் இருந்தால் கண்ணாடிக் குப்பியில் நீலம் தெரியும். தெரிந்தது. விடிகாலை வானம் மாதிரி ஒரு மெல்லிய நீலம். நான் சோபாவைச் சுற்றி ஓடினேன். இறாலைத் தவிர எல்லாரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

அந்தக் குப்பியைக் கழுவிக் கவிழ்த்தேன். இன்னொரு குப்பியில் தொட்டித் தண்ணீரை மட்டும் எடுத்தேன். நிறம் காட்டும் மருந்துத் தூளைப் போடவே இல்லை. மனைவி வந்ததும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீட்டினேன்.

"பாரு. நிறமே இல்ல. பூஜ்யம்."

அவள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். லேசாகக் குலுக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அடப் பாவமே" என்றாள். குரலில் அப்படியொரு கரிசனம்.

"இவ்வளவு ஊத்தியும் ஏறலையா?"

"ஏறலையே."

"அப்ப அளவு பத்தல. குடுங்க இங்க."

இரண்டு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். மூடியைத் திறந்தாள். சொட்டு என்றா நினைத்தீர்கள்? குழாயை ஓரமாக வைத்துவிட்டுச் சரித்தாள். மளமளவென்று உள்ளே போனது.

"ஐயோ, வேணாம், கொஞ்சமா..."

"பூஜ்யத்துல இருக்கறப்ப என்னங்க கொஞ்சம்? உயிர் போற நேரத்துல டாக்டர் சொட்டா எண்ணுவார்?"

பூஜ்யம் என்று சொன்ன வாய் இது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். நான் உப்புத் தண்ணீரிலேயே திருட்டுத்தனம் செய்தவன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்தினேன், வேட்டியை மடித்துக் கட்டினேன். கூடிப்போன சத்தைக் குறைக்க ஒரே வழி, தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, புது உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றுவதுதான். மொண்டேன். குளியலறைக்கு ஓடினேன். கொட்டினேன். உப்பைக் கரைத்தேன். தூக்கினேன். ஊற்றினேன். மறுபடி மொண்டேன். சாயங்காலம் அவள் வந்தாள். "இன்னிக்கு எப்படிங்க?" என்றாள். வெறும் தண்ணீர்க் குப்பியைக் காட்டினேன். மறுபடியும் மளமள.

இப்படி அவள் ஊற்ற, நான் இறைக்க, எங்கள் இல்லறம் ஏற்றம் கண்டது. ஏற்றம் என்றால் கிணற்று ஏற்றம்.

நிஜ அளவைச் சோதிக்கவே எனக்குப் பயம். தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பையன் ரிசல்ட் பார்க்கப் போவானா? அன்று பகலிலேயே கீழ் வீட்டுத் தையல்காரர் படியேறி வந்து கதவைத் தட்டியிருந்தார்.

"சார், பகலெல்லாம் உங்க வீட்டுல தண்ணி கொட்டற சத்தமாவே இருக்கே. குழாய் உடைஞ்சிருச்சா?"

"இல்லைங்க. குளிக்கிறேன்."

"காலையிலேர்ந்தா?"

"கொஞ்சம் அழுக்கு ஜாஸ்தி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்தாமல் நாகரிகமாக இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை என்னால் படுக்கையிலிருந்து நேராக எழ முடியவில்லை. கேள்விக்குறி மாதிரி எழுந்தேன். கேள்விக்குறியாகவே ஹாலுக்கு வந்தேன். மனைவி கையில் பாஸ்பேட் பாட்டில்.

"இன்னிக்கு முழுசா கவுத்துடலாம்னு பாக்கறேன்" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. சகலையாவது என்னைத்தான் திருத்துவார். இந்தப் பாட்டில் கவிழ்ந்தால் என் பவளம் அத்தனையும் பாசிக்குள் சமாதி. பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்மா. உண்மையைச் சொல்லிடறேன். அளவெல்லாம் புதன்கிழமையே சரியாயிடுச்சு. நான் காட்டினது வெறும் தண்ணி. மருந்தே போடல. உங்க அத்தானுக்குப் பயந்து அப்படிச் செஞ்சேன். நான் வர்றேன். பெட்டியைக் கட்டு."

அவள் கோபப்படவில்லை. நிதானமாக உட்கார்ந்தாள்.

"தெரியுங்க."

"தெரியுமா?"

"மருந்து போட்டுக் குலுக்கின குப்பியில கொஞ்சமாவது தூள் மிதக்கும். நீங்க காட்டினது கண்ணாடி மாதிரி இருந்துச்சு. தினம் அம்பது குப்பி பாக்கறவகிட்ட வெறும் குப்பியை நீட்டறீங்களே."

"அப்ப தெரிஞ்சேவா அவ்வளவு ஊத்தின? என் பவளம் செத்திருந்தா?"

"எப்படிச் சாகும்? நான் ஊத்தினதும் வெறும் தண்ணிதான். கை கழுவப் போனேனே, அப்ப ரெண்டு பாட்டில்ல இருந்ததையும் வேற சீசாவுக்கு மாத்திட்டு, வெறும் தண்ணிய நிரப்பிட்டேன். நிஜச் சரக்கு ரெண்டும் அலமாரியில பத்திரமா இருக்கு. நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பாத்தேன். திறக்கறதுக்கு மூணு நாள் ஆச்சு."

எனக்கு வந்த சந்தோஷத்தில் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பவளம் பிழைத்தது. பாசி இல்லை, பாடை இல்லை. அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்போதுதான் ஒரு சந்தேகம் மெல்ல மேலே வந்தது. அவள் சத்து எதையுமே ஊற்றவில்லை. நானோ நாள் முழுக்க இறைத்தேன். அப்படியானால் நான் இறைத்துக் கொட்டியது எதை?

அவள் அதற்குள் குப்பியை எடுத்துவிட்டாள். தொட்டித் தண்ணீரை நிரப்பி, மருந்துத் தூளைப் போட்டு, மூடி, ஆய்வுக்கூடத்தில் செய்வது போல் அழகாகக் குலுக்கினாள். இரண்டு பேரும் வெளிச்சத்தில் பார்த்தோம். தூள் மிதந்தது. நீலம் இல்லை. பக்கத்தில் பவளத்தைப் பார்த்தேன். ஊதா நுனி மறுபடியும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பாவி நான், அவசரத்தில் தண்ணீரைப் பார்த்தேனே தவிர அதைப் பார்க்கவில்லை.

"இருந்த சத்தையும் இறைச்சுக் கொட்டிட்டீங்க. இப்ப நிஜமாவே பூஜ்யம்" என்றாள்.

துக்கம் ஒரு கண்ணில் வந்தது. மறு கண்ணில் வேறொன்று மின்னியது. பூஜ்யம். வெள்ளிக்கிழமை. ஒப்பந்தம்.

"அப்படின்னா..." என்று மெதுவாக இழுத்தேன்.

"பேச்சு பேச்சுதான். அளவு சரியாகலன்னா நீங்க தொட்டியை விட்டு நகர வேணாம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

"உங்க அக்கா தப்பா எடுத்துக்க மாட்டாங்களே?"

"புதன்கிழமையே போன் பண்ணிச் சொல்லிட்டேன். நீங்க வர முடியாத நிலைமையில இருக்கீங்கன்னு. அவ ஒண்ணும் நினைச்சுக்கல."

"பெரிய மனசும்மா அவங்களுக்கு."

"ஆமாங்க. அதான் நாளைக்கு அவங்களே இங்க வர்றாங்க. அக்கா ஒரு வாரத்துல திரும்பிடுவா. அத்தான் மட்டும் உங்க தொட்டி தேறுற வரைக்கும் பக்கத்துலயே இருந்து, சொட்டு எப்படி விடணும்னு சொல்லிக்குடுக்கப் போறாராம்."