சுபம் போடும்வரை சமாதானம்

ஒரு காட்டில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. சிங்கம் இருந்தது என்று கதை தொடங்கும் என எதிர்பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிங்கமும் இருந்தது, பால்கனியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தக் கதையில் வேறு வேலை கிடையாது.

கொட்டகை என்றால் மலையடிவாரத்தில் ஒரு பெரிய குகை. வேட்டிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த திரை. கரடி படம் ஓட்டும். பகல் முழுக்க அடுத்தடுத்துக் காட்சிகள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: மணி அடித்துப் படம் தொடங்கியதிலிருந்து திரையில் 'சுபம்' விழும்வரை யாரும் யாரையும் தின்னக்கூடாது. விழுந்தபின் அவரவர் சாமர்த்தியம். இதனால் மான்கள் வாசலோரமாகவே உட்காரும். கிளைமாக்ஸ் தொடங்கியதும் குனிந்தபடி நழுவிவிடும். அந்தக் காட்டு மான்களில் ஒன்றுகூட எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. கதாநாயகிக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று இன்றுவரை அவற்றுக்குத் தெரியாது, பாவம்.

சொக்கம்மா என்ற முயல் அந்த ரகம் இல்லை. அவளுக்கு எழுத்துப் போடுவதிலிருந்து சுபம் வரை பார்த்தாக வேண்டும். பார்க்கும்போதே கருத்துச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கும் வாசலில் போஸ்டரைப் பார்த்து, "அடிக்கிறவன் மூஞ்சியப் பெருசாப் போட்டிருக்கானுங்க, அடி வாங்குறவன் மூஞ்சிதானே பாக்க நல்லாருக்கும்?" என்று காட்டுப்பன்றியோடு வாக்குவாதம் செய்துவிட்டுத் தாமதமாக உள்ளே போனாள். ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அது ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிக்காமல் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் சிறுத்தை உக்கிரபாண்டி. சிறுத்தை என்பதால் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் தன் வாலை எடுத்து அவள் மடியின் குறுக்கே போட்டார்.

"சுபம் போட்டதும் நீதான்," என்றார்.

பின்வரிசையிலிருந்து அணில், "வாயத் திறக்காம உக்காருடி. படம் பாக்குற மும்முரத்துல மறந்தாலும் மறந்துடுவாரு," என்று கிசுகிசுத்தது. நல்ல யோசனைதான். வேறு யாராவது பின்பற்றியிருந்தால் பலித்திருக்கும்.

சிறுத்தைக்கு மறுபக்கம் கனகசபை என்ற நரி. அவருடைய ஆத்ம நண்பர். உக்கிரபாண்டி தும்முவதற்கு முன்பே "நூறு வயசு" என்று சொல்லிவிடுகிற அளவுக்கு நட்பு.

முதலில் பழைய கருப்பு வெள்ளைக் காமெடி. ஒரு குண்டு ஆளும் ஒரு ஒல்லி ஆளும் ஒரு கட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். வாசல் இடிக்கிறது. நிலையைப் பெயர்க்கிறார்கள், சுவரை இடிக்கிறார்கள். கடைசியில் கட்டில் நடுத்தெருவில், வீடு இல்லை. சொக்கம்மா உயிர் போகப்போவதையும் மறந்து உருண்டு உருண்டு சிரித்தாள்.

உக்கிரபாண்டி சிரிக்கவில்லை. "கட்டிலைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சிருந்தா உள்ள போயிருக்கும்."

"அதானே ஐயா!" என்றது நரி.

சொக்கம்மாவால் அடக்க முடியவில்லை. "அண்ணே, சாய்ச்சுப் பிடிச்சிருந்தா கட்டில் உள்ள போயிருக்கும், படம் வெளிய போயிருக்கும். தப்பாப் பண்றதைச் சிரத்தையாப் பண்றாங்க பாருங்க, அதுதான் காமெடி. இப்ப வர்றவன்லாம் சிரிப்பு வருதா வருதான்னு நம்ம மூஞ்சியையே பாக்குறான்."

அணில் கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்தது கார்ட்டூன். பூனை எலியைத் துரத்துகிறது. எலி பூனையின் தலையில் அம்மிக்கல்லைப் போடுகிறது. பூனை அப்பளமாகி, உதறிக்கொண்டு எழுந்து, மறுபடி துரத்துகிறது. உக்கிரபாண்டிக்கு மீசை துடித்தது. பூனை அவருக்குச் சித்தப்பா முறை.

"குடும்பத்தையே கேவலப்படுத்துறானுங்க," என்றார்.

"கேவலந்தான் ஐயா, பெருங்கேவலம்," என்றது நரி.

"யாரு சொன்னா? ஹீரோவே பூனைதான்ணே! எலி என்ன பண்ணிச்சு, ஒளிஞ்சுக்கிட்டுக் கல்லு போட்டுச்சு. பூனை அத்தனை அடிக்கும் அப்புறம் எந்திரிச்சுச்சே, அந்த நெஞ்சுரம் யாருக்கு வரும்?"

சிறுத்தை திரையை விட்டுவிட்டு முதல்முறையாக முயலைப் பார்த்தார்.

இடைவேளைக்குப் பின் சண்டைப் படம். வில்லனின் ஆட்கள் ஒரு கும்பலாகக் கதாநாயகனைச் சூழ்ந்து நிற்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவராக வந்து அடி வாங்குகிறார்கள். சொக்கம்மாவுக்கு அது பிடித்திருந்தது. தண்ணீர்த் துறையில்கூட இந்த வரிசை ஒழுங்கு கிடையாது என்றாள். உக்கிரபாண்டிக்கு இது சொந்தத் தொழில், சும்மா இருப்பாரா?

"பாயுறதுக்கு முன்னாடி எவனாவது வசனம் பேசுவானா? நான் பேசிக்கிட்டு நின்னா மான் பக்கத்துக் காட்டுக்கே போயிடும். பாஞ்சோமா, முடிச்சோமான்னு இருக்கணும்."

"ஐயா சொன்னா சரிதான்," என்றது நரி.

"வசனம் இல்லாட்டி அது சண்டையா அண்ணே? சமையல்," என்றாள் சொக்கம்மா.

சுபம் விழுந்தது. விளக்கு எரிந்தது. மான்கள் ஏற்கெனவே மலை தாண்டியிருந்தன. உக்கிரபாண்டி சொக்கம்மாவின் கழுத்தில் பாதத்தை வைத்தார். நகம் குத்தியது. அவளுக்குப் பயத்தில் காது இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?"

எந்த முயலாக இருந்தாலும் பிள்ளைகுட்டிகளைப் பற்றிச் சொல்லியிருக்கும்.

"சாய்ச்சுப் பிடிச்சிருந்தாலும் அந்தக் கட்டில் போயிருக்காது அண்ணே. கால் இடிச்சிருக்கும்."

பாதம் அப்படியே நின்றது. "போயிருக்கும்."

"போகாது."

உக்கிரபாண்டிக்குச் சங்கடமாகிவிட்டது. இவளை இப்போது தின்றால் கடைசிப் பேச்சு இவளுடையதாகிவிடும். அதற்கு மறுப்பு யாரிடம் சொல்வது? வசனம் பேசக்கூடாது என்று சொன்னவர், கட்டிலின் நீளம், அகலம், வாசலின் உயரம் எல்லாவற்றையும் வாலால் காற்றில் வரைந்து காட்டினார். முயல் ஒப்பவில்லை.

"கரடி! அந்தக் கட்டில் படத்தைத் திருப்பிப் போடு!"

"அடுத்த காட்சிக்கும் அதேதான் ஓடப்போவுது. உக்காருங்க," என்றது கரடி. "யாருக்காவது பசிச்சா மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சுக்குங்க."

பசிக்கத்தான் செய்தது. உக்கிரபாண்டி மறுபக்கம் திரும்பினார். எல்லோரும் நழுவிப்போயிருக்க, நண்பர் என்ற தைரியத்தில் கனகசபை மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"கட்டில் போகுமா, போகாதா? நீ என்ன சொல்றே?"

"ஐயா என்ன சொல்றீங்களோ அதுதான்."

இதற்குமேல் நரியிடம் பேச என்ன இருக்கிறது? பாய்ந்தார், முடித்தார். வசனமே இல்லை.

மீசையைத் துடைத்துக்கொண்டு முயலிடம் திரும்பினார். "பாத்தியா? நான் சொன்ன மாதிரியே. எப்படி?"

உண்மையைச் சொன்னால், பிரமாதம். சொக்கம்மா அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது நரியின் காலி இருக்கை கண்ணில் பட்டது.

"சுமார்தான் அண்ணே. நடுவுல கொஞ்சம் இழுவை."

"எது இழுவை?" என்று கர்ஜித்தபடி உக்கிரபாண்டி பக்கத்தில் உட்கார்ந்தார். கரடி மணியை அடித்து விளக்கை அணைத்தது.

நீதி: சிறுத்தைக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால் மாற்றுக் கருத்தோடு உட்காரவும். ஒத்த கருத்துள்ளவர்கள் சுலபமாக ஜீரணமாகிறார்கள்.