முட்டைச் சாமி கண்ட சாபம்

முட்டைச் சாமியைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். பொழுது விடிந்து வருகிறவர்களுக்கு அவருடைய முதுகுதான் கிடைக்கும். அந்த முதுகையும் கும்பிட்டுவிட்டுப் போகிற புண்ணியவதிகள் இருந்தார்கள். தெருமுனையில் தகரக் கொட்டகை. உள்ளே மின்விசிறி, ஒலிபெருக்கி, மெத்தை வைத்த நாற்காலி. சாமி ஆசைகளையெல்லாம் அறுத்துவிட்டாராம். மெத்தையில் மட்டும் ஒரு நூல்கூட அறாமல் பார்த்துக்கொண்டார்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பெண்கள். கரு உண்டாகாதவர்கள், உண்டாகியும் தங்காதவர்கள், பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையே, காலூன்றி நிற்கவில்லையே என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஆண்களைச் சாமி சோதிப்பதில்லை. சாபம் பெண்கள் வழியாகத்தான் வருமாம். சாபத்துக்கும் ஆம்பளை என்றால் கொஞ்சம் மரியாதை போலிருக்கிறது!

அந்த வரிசையில் அதே தெருத் தையல்காரி ஒருத்தியும் நின்றாள். இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டு முறையும் கலைந்து போனவள். பக்கத்தில் மாமியார், கையில் பஞ்சு சுற்றிய முட்டை. முட்டையை அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டு வர வேண்டும். சாமி அவ்வளவு யோக்கியர்.

சாமி முட்டையை வாங்கித் தன் மேல்துண்டுக்குள் வைத்து, தையல்காரியின் வயிற்றுக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு வெள்ளைத் தட்டில் உடைத்தார். கறுகறுவென்று சாறு ஓடியது. நடுவில் ஒரு கொத்து மயிர். கூட்டம் "ஐயோ" என்று அலறியது.

"மூணு தலைமுறைக்கு முன்னாடி ஒருத்தி தாகத்துக்குத் தண்ணி கேட்டு வந்தா. அவளைத் துரத்திட்டாங்க. அவ விட்ட சாபம் இது" என்றார் சாமி.

மாமியார் கலங்கிப் போனாள். "எங்க வம்சத்துலயா சாமி, இவ வம்சத்துலயா?"

"இவ வம்சத்துல."

மாமியாருக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்து மற்றவர்களிடம் கேட்டபோது எல்லோருக்கும் அதே சாபம்தான். அந்தத் தாகக்காரி பாவம், வீடு வீடாக ஏறி இறங்கித் துரத்தப்பட்டிருக்கிறாள். எந்த வீட்டிலாவது ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திருந்தால் சாமிக்குப் பிழைப்பே இல்லாமல் போயிருக்கும்.

பரிகாரம், ஓர் ஈய வில்லை. இரவெல்லாம் எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, காலையில் அந்தச் சாற்றை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். ஈயத்தைத் தர்மமாகக் கொடுத்தவர் பட்டறை முதலாளி. கொட்டகை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய பட்டறையில் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளேயிருக்கும் ஈயத்தை உருக்கி, கட்டிகளாக வார்ப்பார்கள். தெருவில் பாதி ஆண்களுக்கு அங்கேதான் வேலை, தையல்காரியின் கணவனுக்கும். உலைப்புகை கூரைகளின்மேல் படியும். சாயங்காலம் ஆண்கள் சாம்பல் பூத்த சட்டையோடு வீடு திரும்புவார்கள். பெண்கள் அந்தச் சட்டைகளை உதறித் துவைப்பார்கள்.

தையல்காரிக்குச் சந்தேகம் வந்தது ஒரு பூனையால். எதிர்வீட்டுப் பூனை போட்ட குட்டிகள் எல்லாம் செத்தே பிறந்தன.

"இந்தப் பூனை யாரை அத்தை தண்ணி கொடுக்காம துரத்துச்சு?"

"சாமி விஷயத்துல வாய் வைக்காதே. வெந்து போயிடும்" என்றாள் மாமியார்.

வாய் வேகவில்லை. அவள் யாரிடமும் சொல்லாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அவளைத் திடுக்கிட வைத்தது.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?"

கரு கலைந்த நாளிலிருந்து அவளை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டுவிட்டார்கள். என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், யார் கண் பட்டது என்றெல்லாம் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈயம் இருக்கக்கூடாத அளவில் இருந்தது.

"தூள் அவர் சட்டையில ஏறி வீட்டுக்கு வருது. நீங்க உதறும்போது உங்க மூக்குல போகுது, கையில ஒட்டி வாய்க்குள்ள போகுது. ஆம்பளைங்க விந்தையும் அது கெடுக்கும். தாய் ரத்தத்துல இருந்து கருவுக்கும் போகும். பிறந்த பிள்ளையோட மூளை வளர்ச்சியையும் தடுக்கும்."

"அப்போ என் பிள்ளைங்க கலைஞ்சது இதனாலயா டாக்டர்?"

"இதனாலதான்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா ஈயத்துக்கு அந்தக் குணம் உண்டு. உங்க தெருவுல இத்தனை பேருக்கு இப்படின்னா, முதல்ல பார்க்க வேண்டியது அந்தப் பட்டறையை."

டாக்டருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. சாமிக்கு எல்லாமே நிச்சயம். ஜனங்களுக்குச் சாமியைப் பிடித்துப்போனதன் ரகசியமே இதுதான்.

வீட்டில் சொன்னாள். மாமியார் கையைக் கொட்டிச் சிரித்தாள். "உடம்புக்குள்ள ஈயம் இருந்தா தட்டினா 'டங்'குனு கேட்காதா?"

கணவன் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டே, "வேலையை விட்டா உன் டாக்டரம்மா சோறு போடுவாங்களா?" என்றான். அவன் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அவளுக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நாத்தனார் வந்தாள். நாலு மாதக் கர்ப்பிணி. கையில் டம்ளர், அதில் எலுமிச்சைச் சாறு, அடியில் ஈய வில்லை.

"எதுக்கும் இருக்கட்டும்னு சாமி கொடுத்தார் அண்ணி" என்று வாயருகே கொண்டுபோனாள்.

தையல்காரி டம்ளரைத் தட்டிவிட்டாள். வில்லை உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. மாமியார் ஆடித் தீர்த்துவிட்டாள். "தனக்கு நிலைக்கலைன்னு என் மகள் வயித்துலயும் மண்ணைப் போடுறா" என்றாள். அந்தச் சொல் தையல்காரியின் நெஞ்சில் தைத்தது. அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "சரி அத்தை, சாமிகிட்டயே போய் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றாள். அடுப்பைப் பற்ற வைத்து என்னவோ செய்தாள். பிறகு ஒரு முட்டையைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பட்டறை முதலாளி கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வங்கி அதிகாரி ஒருவர், பட்டம் பெற்ற பக்தியோடு கண்மூடி இருந்தார். சாமி முட்டையை வாங்கினார், துண்டுக்குள் வைத்தார், சுற்றினார், உடைத்தார். கறுப்புச் சாறு ஓடியது. முன்னைவிடக் கொஞ்சம் தாராளமாகவே.

"பார்த்தியா! சாமி பொருளைத் தட்டிவிட்ட பாவம் பொங்குது!"

தையல்காரி எழுந்து நின்றாள். "சாமி, நான் கொண்டு வந்தது வேகவச்ச முட்டை."

எல்லோரும் தட்டை எட்டிப் பார்த்தார்கள். 

சாமி அசரவில்லை. "வெந்த முட்டையையும் பச்சையாக்குற சாபம்! அவ்வளவு கொடுமையான சாபம்!" என்று கர்ஜித்தார். கூட்டத்தில் பாதி கன்னத்தில் போட்டுக்கொண்டது. வங்கி அதிகாரிக்குப் புல்லரித்தது.

"அப்படின்னா என் முட்டை வேற எங்கேயும் இருக்கக்கூடாது. அந்தத் துண்டைக் கொஞ்சம் உதறுங்க."

சாமி துண்டை இறுக்கிப் பிடித்தார். "தீட்டுப்பட்ட கை இதைத் தொடக்கூடாது."

"என் கையில தீட்டு இல்லையே சாமி. இவ வம்சம்தானே துரத்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்தாள் மாமியார். சாமியைக் காப்பாற்றத்தான் வந்தாள். உதறிக் காட்டி மருமகளின் வாயை அடைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். துண்டை ஒரே இழுப்பில் இழுத்து உதறினாள்.

இரண்டு முட்டைகள் விழுந்தன. ஒன்று உடைந்து தரையெல்லாம் கறுத்தது. அடுத்த கர்ப்பிணிக்கென்று மையும் மயிரும் ஏற்றி, மெழுகால் அடைத்து வைத்திருந்த பாவம் அது. மற்றது உடையவில்லை. பொத்தென்று விழுந்து, லேசாக விரிசல் விட்டுக் கிடந்தது. மாமியார் குனிந்து எடுத்தாள். ஓட்டை உரித்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று வெந்த முட்டை.

அதைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினாள். பிறகு சாமியை நிமிர்ந்து பார்த்தாள். "என் பொண்ணு வயித்துப் பிள்ளைடா! அதுக்கு என்னத்தடா ஊத்திக் கொடுத்தே?"

சாமி பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். இரண்டு பேர் அப்போதும் அவர் காலடி மண்ணை எடுத்து நெற்றியில் பூசினார்கள். அவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. டாக்டரம்மா ஈயத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் தையல்காரி கூட்டத்துக்குச் சொன்னாள். முதலாளியும் நைசாக நழுவப் பார்த்தார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி வழியை மறித்தாள். "நீங்க இருங்க. உங்களுக்கு என்ன அவசரம்? உங்க வீடு ஊருக்கு அந்தப் பக்கம், புகை எட்டாம நல்ல காத்து வர்ற பக்கமாத்தானே இருக்கு?"

அதற்குப் பிறகு நடந்தது அற்புதமல்ல, வெறும் வேலை. தெருவே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தது. சாபம் தீண்டாத ஆண்களின் ரத்தத்தில்தான் ஈயம் அதிகம் இருந்தது. அதிகாரிகள் முதலில் வரவில்லை. பெண்கள் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்த பிறகு வந்தார்கள். உலை மூடப்பட்டது. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியபோது, குளிக்க இடமும் மாற்றுடுப்பும் கேட்டு வாங்கியவன் தையல்காரியின் கணவன். நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான். டாக்டரம்மா அடிக்கடி வரச்சொல்லிப் பார்க்கிறார். தையல்காரியின் இரண்டும் திரும்பி வரப்போவதில்லை.

முட்டைச் சாமி இப்போது எந்த ஊரில் மெத்தை போட்டிருக்கிறாரோ தெரியாது. அவரைத் தேடிப் பிடிக்க வேண்டாம். உங்கள் ஊரில் எங்கே புகை அதிகமோ அங்கே அவரே வருவார், புகை விடுகிறவர் செலவில். அப்போது உங்கள் பாட்டி செய்த பாவத்தை ஆராய்ந்துகொண்டு இருக்காதீர்கள். பாட்டி செத்து எத்தனையோ காலமாயிற்று. புகை விடுகிறவர் உயிரோடு, முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். கழுத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கழுத்துக்கு மேலே உள்ளதையும் சேர்த்துத் திருப்பினால் இன்னும் நல்லது.