போன்ழூர் முகம் திருப்பிய வாரம்

எங்கள் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரை ஊரே ‘போன்ழூர்’ என்றுதான் கூப்பிடும்; பிரெஞ்சில் அது வணக்கம். காரைக்காலில் அவரிடம் வணக்கம் வாங்காமல் தெருவைக் கடந்த ஜீவராசியே கிடையாது. திருநள்ளாறு பஸ் டிரைவர், மாட்டுவண்டி, வண்டியில் பூட்டிய மாடு, எதிரே எது வந்தாலும் ஒரு “போன்ழூர்” உண்டு. ஆபீசுக்கு வந்ததும் எல்லோரிடமும் கைகுலுக்குவது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். நாங்கள் ஒப்புக்குச் செய்வோம். அவர் மேஜைக்கு மேஜை பறந்து, மனு கொடுக்க வாசலில் நிற்பவர்களுக்கும் குலுக்கிவிட்டு, முதல் ஆள் மறுபடி எதிர்ப்பட்டால் மறுபடியும் குலுக்குவார். அவர் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. காகிதமெல்லாம் இங்கிலீஷில் வர ஆரம்பித்தது. இங்கிலீஷ் பரீட்சையில் தேறாத குமாஸ்தாவை மலையாளக் கரையில் இருக்கும் மாஹேக்குத் தூக்கியடிப்பார்கள் என்று பேச்சு கிளம்பியதும் மனிதர் ஆடிப்போய் என்னிடம் வந்தார். ‘ஐயா’ என்பதற்கு அவர் வாயில் ‘முசியே’தான் வரும்.

“மாஹேல எனக்கு யாரைத் தெரியும் முசியே? காலையில எழுந்து யாருக்குங்க போன்ழூர் சொல்றது?”

இங்கிலீஷ் சொல்வழக்குப் புத்தகம் ஒன்று வாங்கினார். படித்ததைச் செய்து பார்த்தால்தான் மண்டையில் நிற்குமாம். ஒரு திங்கட்கிழமை ‘கோல்ட் ஷோல்டர்’ வந்து சேர்ந்தது.

“தெரிஞ்சவரைத் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறதுங்க. நம்ம ஊர் வெயில்ல யாருக்குத் தோள் குளிருதுன்னுதான் புரியலை. இந்த ஒரு வாரம் உங்ககிட்ட பழகிக்கட்டுமா? நீங்கதான் தப்பா நினைக்கமாட்டீங்க.”

சரி என்றேன், புத்தி கெட்டுப்போய்.

மறுநாள் மற்ற எல்லோருக்கும் குலுக்கிவிட்டு என் மேஜையை விறுவிறுவென்று கடந்தார். ஜன்னல் வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். வலக்கை தானாக என் பக்கம் நீண்டது. அதை இடக்கையால் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

புதன்கிழமை சிரிப்பு வரவில்லை. மாட்டுக்கே வணக்கம் வைப்பவர் என்னைக் கண்டு முகம் திருப்பினால் ஊர் சும்மா இருக்குமா? சர்பத் கடை பாய் கேட்டேவிட்டார்: “அவரே பேசமாட்டேங்கிறார்னா, அப்படி என்னங்க செஞ்சீங்க?” வீட்டிலும் அதே விசாரணை. சனிக்கிழமைக்குள் எனக்கு ரத்தம் கொதித்தது.

அடுத்த திங்கள் காலை அவருக்குப் பரீட்சை. கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“போன்ழூர் முசியே! வாரம் முடிஞ்சுதுங்க!”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விளையாட்டுக்கு இல்லை. அவ்வளவு எரிச்சல். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதை மடக்கிக்கொண்டு பரீட்சை அறைக்குப் போனார்.

ஒரு மணி நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“கோல்ட் ஷோல்டரையேதாங்க பரீட்சை அதிகாரி கேட்டார்! அர்த்தம் சொன்னேன். வாக்கியத்துல வச்சுச் சொல்லுங்கன்னார். காலையில நீங்க செஞ்சதை அப்படியே சொன்னேன், சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. பாஸ் போட்டுட்டார் முசியே! எனக்குப் புரியணும்னுதானே செஞ்சீங்க?”

“ஆமாங்க.”

“நிஜக் கோபம் ஒண்ணும் இல்லையே?”

“சேச்சே” என்று அவர் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தில் எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவர் மாஹேக்குப் போயிருந்தால் போன்ழூர் கேட்காத என் காலைகள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.