ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல மூளை

"முட்டி ஸ்கேனுக்குத் தனியாவா போறது? நானும் வர்றேன் சம்பந்தி!" என்று ஆட்டோவில் ஏறிவிட்டார் பார்த்தசாரதி.

எத்திராஜுக்கு வியர்த்தது. மகள் நிவேதிதாவுக்கும் பார்த்தசாரதியின் மகனுக்கும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். எத்திராஜ் போவதோ கரையான்சாவடி ஆராய்ச்சி மையத்துக்கு, மூளை ஸ்கேனுக்கு. மறதி நோய் ஆராய்ச்சியில், நோயாளிகளின் மூளையோடு ஒப்பிட நல்ல மூளை தேவை என்றார்கள். எழுபது வயதிலும் ஒரு சாவியைக்கூடத் தொலைக்காதவர், பெருமையாகப் பெயர் கொடுத்துவிட்டார். ஆனால் மூளையைப் படமெடுக்கப் போனவர் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அதனால்தான் முட்டி என்றார்.

இறங்கியதும் நொண்ட வேண்டியதாயிற்று.

பார்த்தசாரதி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, வரவேற்பறையின் மூலை நாற்காலியில் ஒடுங்கினார். "ஆஸ்பத்திரி வாடையே எனக்கு ஆகாது சம்பந்தி."

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே டாக்டர் தஸ்லீம், "இந்தக் கோட்டு மேல நடங்க சார்" என்றார். சம்பந்தி பார்ப்பாரே! எத்திராஜ் நொண்டினார்.

"கால் இழுக்குதே. எப்பலேர்ந்து?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்து."

டாக்டர் எழுதினார். குடும்ப மானம் ஒருபுறம், நல்ல மூளை என்ற பெயர் மறுபுறம். எத்திராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"இது சும்மா நடிப்பும்மா."

"யாருக்காக?"

"அதோ, முகத்தை மூடிட்டு உட்கார்ந்திருக்காரே, அவருக்காக."

டாக்டர் எட்டிப் பார்த்தார். நாற்காலி காலி.

"அங்க யாருமே இல்லையே சார்."

"இருந்தாரும்மா! சத்தியமா இருந்தார்!"

"சரி சார், இருந்தார்" என்று மிகவும் கனிவாகச் சொன்ன டாக்டர், இன்னும் இரண்டு வரி எழுதினார். "உங்க பேரை நல்லா இருக்கிறவங்க பட்டியல்லேர்ந்து எடுத்து, அடுத்த பட்டியல்ல வைக்கிறேன்."

அரைமணி நேரம் இயந்திரம் தலையைச் சுற்றி இடித்தது. எத்திராஜ் வெளியே வந்தபோது, பார்த்தசாரதி கேட்டுக்கு அப்பால் மரத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"காத்து வாங்கலாம்னு வந்தேன். முட்டி என்ன சொல்லுச்சு?"

"பரவாயில்லை சம்பந்தி."

பார்த்தசாரதி கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு, ஸ்டாண்டில் நின்ற ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார். டிரைவர் அவரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பானார்.

"வா சார்! போன வாரம் உனுக்கு முட்டி வலின்னே, இன்னிக்கு இவருக்கா? இங்க தலையைத் தவிர வேற எதையும் படம் புடிக்க மாட்டாங்களே!"