ஸ்காட்லாந்துக் கல்யாணத்து அட்டவணைப் போர்

நாவே, கூசாது பாடு. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராய் வீற்றிருந்து, ஊதலும் மைக்குமே படைக்கலமாய்த் திருவண்ணாமலை வண்டியையும் புதுச்சேரி வண்டியையும் ஒன்றோடொன்று உரசாது ஏவியவளும், பிந்திவந்த ஓட்டுநர்களைப் புருவ நெறிப்பாலேயே பொடியாக்கியவளும், அண்ணன் மகள் சங்கவியின் மணநாளுக்கு நிரல் வகுக்கும் பெரும்பொறுப்பை எவரும் கொடாமலே எடுத்துக்கொண்டவளுமாகிய பிரபாவதியைப் பாடு.

சங்கவியோ கடல்கடந்து அபர்டீன் மாநகரில் செவிலியாய்ப் பணிபுரிந்து, அங்கே ஆங்கிலத்தில் கேலம், நம்மவர் நாவில் காலம் என்னும் பெயர்பூண்ட செம்பொன்முடிச் செல்வனைக் கண்டு காதல் கொண்டவள். திண்டிவனத்து மண்டபத்தில் விடியலில் தாலி, அது முடிந்த கையோடு ஸ்காட்லாந்து முறையில் இன்னுமொரு திருமணம் என்று இருவரும் வீடியோ காலில் அறிவித்தபோது, பெற்றோர் மலைத்தனர்; பிரபாவதி மார்க்கர் பேனாவை உறையினின்று உருவினாள்.

கூடத்துச் சுவரில் வெள்ளைச் சார்ட்டு பாசறைக் கொடியென ஏறிற்று. தோற்பையை அக்குளில் இடுக்கிப் பைப் ஊதும் ஒருவன் முன்னே நடக்க மணமகள் நுழைதல், இரட்டைக் கைப்பிடிக் கிண்ணத்தில் மணமக்கள் மாறி மாறிப் பருகுதல் (விஸ்கி என்றிருந்ததை ஒரே கீற்றில் வீழ்த்திப் பன்னீர் சோடா என்று பொறித்தாள்), உற்றார் உரை, உரை முடிந்த பின்னரே விருந்து, விருந்துக்குப் பின் கைகோத்துச் சுழலும் ஆட்டம். சக்கரவியூகமும் நாணும்படி ஒன்றன்வால் ஒன்று பற்றி நின்ற அந்நிரலைக் கண்டு தானே மயங்கினாள் தலைவி.

பகைவன் எங்கிருந்து வந்தான் எனில், சமையலறையிலிருந்து வந்தான்.

கோதண்டபாணி அவள் கணவன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பமாதலின், அவன் தங்கை வயிற்றுப் பிள்ளையே சங்கவி. அவளுக்கு இவன் தாய்மாமன். கையில் காபியோடு வந்தவன், சார்ட்டை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் துருவினான்.

"மாமன் சீரு எங்க பிரபா?"

"அதுக்கு நேரம் இல்லீங்க. தட்டு வரிசைய நேரா மேடையில வச்சிடுங்க."

ஏழுகடலும் கொதித்தன, காபியில் ஆடை படிந்தது. கோதண்டபாணி தோள்துண்டை உதறிப் பிரகடனம் செய்தான்: "மெயின் ரோட்டுலருந்து பேண்டு செட்டோட வருவேன். மாமன் உள்ள போனப்புறம்தான் எவனா இருந்தாலும் ஊதிக்கினு வரணும்."

"மாப்ள ஜனமெல்லாம் விழுப்புரம் லாட்ஜில இருந்து கெளம்பி, விக்கிரவாண்டி டோல்கேட்டத் தாண்டி வரணும். நீங்க ரோட்ட மறிச்சிக்கினு நின்னா அவங்க வேன் எங்க போயி நிக்கும்?"

"மாப்ள பேரே காலம். அவருக்கே நீ காலம் குறிக்கிறியா?"

மூண்டது போர். அவள் எழுதினாள், அவன் ஈரத்துணியால் அழித்தான். அவள் அழியா மையால் எழுதினாள். அவன் அதன்மேல் காலண்டர் மாட்டினான். தோசை தடித்தது, சட்னி உப்பைத் துறந்தது, இருவர்க்கும் இடையே டிவி ரிமோட் கேட்பாரற்ற எல்லைக்கல்லாய்க் கிடந்தது. தீர்ப்பு வேண்டி அபர்டீனுக்கு அழைத்தபோது, செம்பொன்முடியோன் தான் கற்ற தமிழனைத்தையும் திரட்டி, "எல்லாம் ஓகே மாமா, எல்லாம் ஓகே அத்தை" என்று இரு படைக்கும் அருளி மறைந்தான்.

ஞாயிறன்று, எதிரியின் பலவீனம் தேடிச் சார்ட்டில் மூக்குரச ஆராய்ந்த கோதண்டபாணியின் கண், உரைகளின் வரிசையில் தடுக்கி நின்றது. பெண்ணின் தந்தை, மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன். அதன்கீழ், எறும்பெழுத்தில், அத்தை.

"ஸ்காட்லாந்துல அத்தைங்க பேசுவாங்களா?" என்றான், வென்றவன் குரலில்.

பேருந்துகளை நடுங்கவைத்த பிரபாவதி தரையைப் பார்த்தாள். "பேசமாட்டாங்க. நானாத்தான் எழுதினேன்."

"எதுக்கு?"

"நம்ம கண்ணாலத்துல நாள் முழுக்கத் தலையக் குனிஞ்சிக்கினே இருந்தேன். மேளச் சத்தம் கேட்டுச்சி, வேற ஒண்ணும் தெரியாது. தெனமும் மைக்குல ஊர் பேரா சொல்லிக்கினு கெடக்கறேன். ஒரு தடவ நம்ம புள்ள பேரச் சொல்லி நாலு வார்த்த பேசணும்னு இருந்திச்சி. அவ்ளோதான்."

ஓங்கிய வாள் உறைபுகுந்தது. கோதண்டபாணி மார்க்கரை அவள் கையினின்று மெல்ல வாங்கி, பைப்புக்கு மேலே "மாமன் சீர்" என்று கோணல்மாணலாய்ப் பொறித்தான். "ரோட்டுலருந்து வேணாம். மண்டபத்து கேட்டுலருந்து வர்றேன். மிச்ச நேரத்துல நீ பேசு," என்றான்.

மணநாள் வந்தது. விக்கிரவாண்டிச் சுங்கக் கோட்டையை வேன்கள் பிளந்து கடந்தன, கேட்டிலிருந்து வாசல்வரை கோதண்டபாணி மதக்களிறென நடந்து, ஐந்தே நிமிடத்தில் சீரைச் சேர்த்தான், ஸ்காட்லாந்து மடிப்புப் பாவாடை அணிந்த வீரன் பைப்பை முழக்க, சங்கவி பட்டு சரசரக்க நுழைந்தாள், சோடா பொங்கிற்று, மூவர் உரைத்து அமர்ந்தனர். பிரபாவதி மைக்கை ஏந்தினாள். வாரக்கணக்கில் கண்ணாடிமுன் பயின்ற அடுக்குமொழிகள் யாவும், சங்கவியின் முகத்தைக் கண்ட கணத்தில் ஆவியாயின. தலைமட்டும் குனியவில்லை.

"சங்கவி," என்றாள். "நல்லா இரு கண்ணு. இங்க எதுனா ஒண்ணுன்னா அத்த இருக்கேன்." முன்வரிசையில் கோதண்டபாணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அடுத்தது யாதெனத் தெரியாமல், "எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்க," என்று முடித்தாள்.

அச்சொல் கேட்ட மாத்திரத்தே, அணையுடைத்த வெள்ளமென, முரசு கேட்ட முப்படையென, திண்டிவனமும் விழுப்புரமும் அபர்டீனும் நாற்காலி உருள எழுந்து, சாப்பாட்டுக் கூடத்தின் ஒற்றைக் கதவை நோக்கிப் பாய்ந்தன.

பிரபாவதிக்கு மூன்றாவது பந்தியில்தான் இடம் கிடைத்தது.