வார்னிஷ் அண்ணாச்சியும் தாளிக்காத குழம்பும்

போடிநாயக்கனூரில் யாருக்கும் அஞ்சாத மனிதர்கள் பலர் உண்டு. ஆனால் வார்னிஷ் அண்ணாச்சிக்கு அஞ்சாத கீறல் ஒன்றுகூட இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

அவருக்குத் தொழில் ஏலக்காய் வியாபாரம். உயிர் மட்டும் கடையின் மாடியில் இருந்தது. அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் மேசையும் அதில் ஆடுவதற்கான மலிவுக் குச்சிகளும் கிடந்தன. குச்சியின் பளபளப்புப் பூச்சில் துளி சில்லு பெயர்ந்தாலும் போதும், கீழே வியாபாரியைக் காக்கவைத்துவிட்டு மேலே வைத்தியத்தில் இறங்கிவிடுவார். கல்யாண வீட்டில் ஊரே பெண்ணைப் பார்க்கும். இவர் மணமேடை நாற்காலிக் காலில் பெயின்ட் உதிர்ந்திருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். சட்டைப்பையில் பேனா இருக்காது, நிறமில்லாத நகப்பாலிஷ் இருக்கும். அதை வாங்கப் போன இடத்தில் கடைக்காரப் பெண், "வீட்டுல மதினிக்கா அண்ணாச்சி?" என்று சிரித்தாளாம். "ஸ்டிக்குக்கு ஆத்தா. மதினி அது இல்லாமலே அழகு" என்றாராம்.

"இந்த மட்ட ஸ்டிக்குக்கு இம்புட்டுச் சோலியா?" என்று எவராவது கேட்டால் தீர்ந்தது.

"ஒசந்த ஸ்டிக்கப் பாக்க ஆயிரம் பேரு இருக்கான்யா. இந்த ஏழைக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?"

எங்கள் வீட்டுக்குள் அவர் வந்த கதை சிரிப்பில் தொடங்கவில்லை. போன வருஷம் போடிமெட்டு இறக்கத்தில் என் கணவரும் மகள் கயலும் வந்த ஜீப், கொண்டையூசி வளைவு ஒன்றில் வழுக்கிப் பாறைமேல் சாய்ந்து நின்றது. இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. மறுபக்கம் சாய்ந்திருந்தால் என்று தொடங்கும் வாக்கியத்தை நான் இன்றுவரை முடித்ததில்லை.

கயல் மதுரையில் கல்லூரி அணிக்காக பில்லியர்ட்ஸ் ஆடுபவள். அன்று மலை மேல் கிளப்பில் ஆடிவிட்டுத் திரும்பியவளின் மடியில் அவளுடைய குச்சி இருந்தது. அதில் ஏலரிசி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அதைப் பீரோவுக்குப் பின்னால் செருகினாள். அப்புறம் குச்சியைத் தொடவில்லை. எந்த வண்டியிலும் ஏறவில்லை. கல்லூரி திறந்தும் போகவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் அவள் உள்ளறைக்குப் போவாள், நான் அவள் பின்னால் போவேன்.

குச்சியாவது சரியாகட்டுமே என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "அடிபட்டத அலைக்கழிக்கக் கூடாது தங்கச்சி, நான் வர்றேன்" என்றவர், மறுநாள் காலையில் எங்கள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டார்.

மெல்லிய துணியால் துடைத்தார். சில்லின் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்த பூச்சை மட்டும் நகத்தால் நீக்கினார். சுற்றிலும் டேப் ஒட்டி, பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு சொட்டு நகப்பாலிஷ் தொட்டுப் பள்ளத்தில் வைத்தார். அது காய வேண்டும். பிறகு இன்னொரு சொட்டு. பள்ளம் நிறைந்து மேடு தட்டும்வரை இப்படியே. கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் தடவிச் சமப்படுத்தி, கார் பாலிஷ் போட வேண்டுமாம்.

அதுவரை எங்கள் வீட்டில் ஊரடங்கு. மின்விசிறி கூடாது, தூசி பறக்கும். குக்கர் கூடாது, ஆவி பட்டால் பூச்சு பால் போல வெளுத்துவிடும். தாளிக்கவே கூடாது.

"கடுகு வெடிச்சா அம்மைத் தழும்பு விழுந்துரும் தங்கச்சி!"

வியர்த்துக்கொண்டே தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டோம். முதலில் எட்டிக்கூடப் பார்க்காத கயல், வாசல்நிலைவரை வந்தாள். ஒருநாள் அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே, "எனக்குக் கை ரெண்டுதான் ஆத்தா இருக்கு. அந்த நுனியப் பிடி" என்றார். பிடித்தாள். மறுநாள் நான் வாணலியை எடுத்தபோது, "அம்மா, ஒனக்கு அறிவிருக்கா?" என்று கத்தியது என் மகள். அவளிடம் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பொறுமை இழந்தவர் என் கணவர். எங்கள் தோட்டத்தில் ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் அறையை ஸ்டோர் என்போம். மழைக்காலத்தில் போர்வை, ஷூ, குடை எல்லாமே அங்கேதான் காயும். ஏலக்காயே காயும் இடத்தில் ஒரு சொட்டுப் பாலிஷ் காயாதா என்று, காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறிய ஜீப்பில் குச்சியைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

அண்ணாச்சி வந்தார். வெறும் மேடையைப் பார்த்தார்.

"ஸ்டோருக்கா? அடப்பாவி மாப்ளே! அந்தச் சூட்டுல மரம் வில்லா வளைஞ்சிருமேய்யா!"

போன் போட்டோம். மேலே சிக்னல் இல்லை. அவர் தன் ஜீப்புக்கு ஓடினார். அவருக்கு முன்னால் வேறு யாரோ ஓடியதைப் பார்த்தேன். கயல்! முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "மாமா, வெரசா எடுங்க!" என்றாள்.

நான் தெருமுனை வரை ஓடினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

சாயங்காலம்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். ஜீப் வந்தது. ஸ்டோருக்குள் வைக்கப் போன ஆளின் கையிலிருந்தே பிடுங்கினாளாம். இறங்கியதும் குச்சியைக் கூடத்துத் தரையில் உருட்டினாள். நெளியாமல் ஓடியது.

"அம்மா, நேராத்தான் இருக்கு!" என்றாள். நான் அவளைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ஜீப்பைப் பார்த்தேன். இரண்டு விலாவிலும் நெடுகக் கோடுகோடாய்க் கீறல்.

"என்ன அண்ணாச்சி இது?"

"புள்ள பள்ளத்தப் பாக்க வேணாம்னு மலையோட ஒட்டியே ஓட்டுனேன். வளைவுக்கு வளைவு மலை பக்கம் மாறுதுல்ல, அதான் ரெண்டு பக்கமும்" என்றவர் துடைக்கக்கூட இல்லை. "அது கெடக்கட்டும் தங்கச்சி. இன்னைக்காவது எதையாச்சும் தாளி. பசிக்குது."

கயல் மதுரைக்குப் போய்விட்டாள். விடுமுறைக்கு வந்தால் மலைக்கும் போகிறாள். அவள் ஜீப் ஏறும்போதெல்லாம் எனக்கு இன்னும் பயம்தான். தைரியம் சொல்ல வீட்டில் ஒரு கணவர் இருக்கிறார்தான். ஆனால் நான் போன் செய்வது அண்ணாச்சிக்கு. "பொறப்பட்டுட்டாளா? சரி, அவ எறங்கி வர்ற வரைக்கும் போனை வைக்காம பேசிக்கிட்டே இரு தங்கச்சி" என்பார். கடையில் வியாபாரிகள் காத்திருக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். அவருக்குக் கேட்காது.